முடவன் முழுக்கு வரைக்கும்

ஐப்பசி முதல் தேதி விடியற்காலையில் மயிலாடுதுறை துலாக்கட்டத்துக்குப் போனால் முதலில் மூக்கில் ஏறுவது பிளீச்சிங் பவுடர் வாசனை. ஆறு அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். படித்துறை ஓரமாக வெள்ளைக் கோடு இழுத்திருப்பார்கள். பெண்கள் உடை மாற்றிக்கொள்ளத் தகரத் தடுப்பு. சவுக்குக் கம்புகளில் கட்டிய ட்யூப் லைட்டுகளைச் சுற்றி ஈசல். ஆற்றின் நடுவே நந்தி மண்டபம் பாதி இருட்டில் நிற்கும். கங்கை முதலான நதிகளெல்லாம் இந்த ஒரு மாதம் காவிரிக்கு வந்து, மனிதர்கள் தங்களில் கரைத்துவிட்டுப் போன பாவத்தைக் கழுவிக்கொள்கின்றன என்பது ஐதீகம். ஐதீகத்தை நம்பி வருகிறவர்கள் வழுக்கி விழாமல் இருக்கப் பாசியைச் சுரண்டி வைப்பது மட்டும் எந்தப் புராணத்திலும் இல்லை. அதை முந்தைய நாள் மாலையே நகராட்சி ஆட்கள் செய்து முடித்திருப்பார்கள்.

ஒரு நகரத்தின் ஒரு மாதத்தை எழுத வேண்டும் என்று நினைத்தபோது நான் ஐப்பசியைத்தான் எடுத்துக்கொண்டேன். துலா ஸ்நானம், தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, டெங்கு, அரையாண்டுச் சொத்துவரி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம், எல்லாம் இந்த முப்பது நாளுக்குள் வந்து விழுகின்றன. ஊர் எப்படி இயங்குகிறது என்பது வெயில் காலத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் பெரிய ஊர் இல்லை. 36 வார்டுகள். 2011 கணக்குப்படி மக்கள்தொகை 85 ஆயிரத்துச் சொச்சம். 2020 டிசம்பரில் மாவட்டத் தலைநகரமானது. தமிழ்நாட்டின் 38ஆவது மாவட்டம். நகராட்சியோ பழசு, 1866இல் அமைந்தது. மாயூரம் என்றும் மாயவரம் என்றும் அழைக்கப்பட்ட காலத்தில் அதற்குத் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழில் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நாம் கடந்துபோகிற அதே ஆள்தான். 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறிய 1879க்குச் சற்று முன்புதான் தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துத் தன் பொருளைச் செலவழித்ததற்காகவும் இந்த ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

ஆனால் நகராட்சியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய வேறொரு வேலைதான் முன்னால் வந்து நிற்கும். முன்சீப்பாக இருந்த அவர், அன்றைய உயர்ந்த நீதிமன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இல் வெளியிட்டார். வழக்காடுகிறவனுக்குத் தன் தலையெழுத்து எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பது தெரிய வேண்டும் என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்பை நாவலுக்குள்ளும் கொண்டுபோனார். கோர்ட் தமிழில் நடக்க வேண்டும் என்று கதையை நிறுத்திவிட்டு வாதாடினார். நாவலின் கட்டுக்கோப்புக்கு அது நல்லதா என்று விமர்சகர்கள் கேட்கலாம். எனக்கு அந்த இடம் பிடிக்கும். ஒரு நகரத்தை நிர்வகிக்கத் தகுதியான மனசு அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

இன்று நகராட்சிகளின் எழுத்தெல்லாம் தமிழில்தான். அந்தத் தமிழை நான் விரும்பிப் படிக்கிறவன். மன்றக் கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற கூட்டப்பொருளை, பேச்சுவழக்கில் அஜெண்டாவை, யாராவது ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும். எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் மாதிரி ஒன்றுதான். முதலில் பொருள் எண். பிறகு விவரம். கீழே 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்'. அதற்கும் கீழே 'அலுவலகக் குறிப்பு: அனுமதிக்கலாம்'. இந்த நான்கு வரிச் சட்டகத்துக்குள் தண்ணீர்த் தொட்டிக்கான குளோரின் வரும். மின்மோட்டாருக்கு ரீவைண்டிங் வரும். மழைக்காலத்துக்குக் கொசுப்புழு ஒழிப்பு ஆட்களைத் தினக்கூலிக்கு எடுப்பது வரும். மயானத்துச் சுற்றுச்சுவர் வரும். பிறந்தவர்களின் கணக்கும் இறந்தவர்களின் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பூக்கடைக்கு மேல்வாடகை, பேருந்து நிலையக் கழிப்பறைக்குக் குத்தகை. ஒரு மனுஷன் பிறந்து, தண்ணீர் குடித்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்கு நடந்து, கடைசியில் எரிமேடைக்குப் போகிற வரைக்கும் உள்ள அத்தனையும் பொருள் எண் போட்டு வரிசையாக இருக்கிறது. பாராளுமன்றத்தில் நம் வாழ்க்கையை இவ்வளவு கிட்டத்தில் நின்று யாரும் பேசுவதில்லை.

இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற மன்றம் ஐந்து வருஷத்துக்கும் மேல் இல்லாமலே இருந்தது. 2016 அக்டோபரில் உறுப்பினர்களின் காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு நகரங்களில் ஓட்டுப்போட்டது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். நடுவில் தனி அலுவலர்கள். கஜா புயல், கொரோனா, இரண்டையும் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாமலே தமிழ்நாட்டு நகரங்கள் தாண்டின. 'எங்க வார்டுக்கு ஆளே இல்ல சார்' என்று அப்போது ஜனங்கள் சொல்வார்கள். அந்த வார்த்தையில் கோபம் இருக்காது. ரேஷன் கடை மூடியிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்கள். பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது.

சட்டமும் இப்படித் தாமதமாக வந்ததுதான். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. 2000இல் நிறுத்திவைக்கப்பட்டது. விதிகளோடு முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். இடையில் இருபது வருஷத்துக்கு மேலாக நகராட்சிகள் வெள்ளைக்காரன் காலத்து 1920ஆம் வருஷச் சட்டத்தில் ஓடின. 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களுக்கு 18 பணிகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. அதில் ஒன்பதாவது, நலிந்தவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் காப்பது. குடிநீர், சாலை, சுகாதாரம் என்று வந்துகொண்டிருக்கிற பட்டியலில் தீயணைப்பும் மரம் வளர்ப்பும் முடிந்ததும் இது வருகிறது. ஒன்பதாவது இடத்தில் இருப்பதற்கு உள்ள அத்தனை கதியும் அதற்கு நேர்ந்தது.

இந்த ஐப்பசியில் தீபாவளி முன்னாலேயே வந்துவிட்டது. அன்று ராத்திரி ஒரு மழை. மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் பால் வாங்கப் போனபோது தெருமுனையில் மஸ்டர் என்கிற வருகைப் பதிவு முடிந்து தூய்மைப் பணியாளர்கள் பிரிந்து வந்துகொண்டிருந்தார்கள். வெடித்த காகிதம் காய்ந்து கிடந்தால் ஒரு வீச்சில் அள்ளிவிடலாம். நனைந்துவிட்டால் தாரோடு ஒட்டிக்கொள்ளும். தென்னந்துடைப்பத்துக்கும் வராது. எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா குனிந்து உட்கார்ந்து, ஒரு தகரத் துண்டால் ரோட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேட்டரி வண்டி நின்றது. சிவப்புக் காகிதத்தின் சாயம் அவர் விரல் இடுக்குகளில் ஏறியிருந்தது. குங்குமக் கிண்ணத்தில் கையை விட்டவர் மாதிரி. கையுறை எங்கே என்று கேட்டேன்.

"போட்டா தகரம் பிடிக்க வரமாட்டேங்குது தம்பி. நனைஞ்சு வழுக்குது."

"நேத்து தீபாவளிக்கு லீவு உண்டா?"

"மத்தியானத்துக்கு மேல விட்டாங்க. பேரப்புள்ளைக்கு ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்திக் குடுத்தேன். அதுக்குள்ள மழை."

அவர் சுரண்டிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு வாசலில் நாங்கள் வெடித்ததன் மிச்சம். நான் பால் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து துடைப்பத்தை எடுத்தேன். ஒரு வாசலைப் பெருக்கியதால் அவருடைய வேலையில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. இன்னும் முப்பது வாசல்கள் இருந்தன.

இந்த வேலையை இந்தச் சாதியார்தான் செய்ய வேண்டும் என்று ஊர் எழுதாமல் எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மேல், தமிழ்நாடு முழுக்க நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கி, ஒப்பந்தம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் நாட்கணக்காக உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்ட பணியாளர்கள் கேட்டதும் இதைப் பற்றித்தான். நகரத்தில் முதலில் எழுந்து வேலைக்கு வருகிறவர்கள் அவர்கள். சம்பளம், மரியாதை, பணிப் பாதுகாப்பு என்று வரும்போது வரிசையின் கடைசியில் அவர்களை நிறுத்துகிறோம். இதை நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

மழை பிடித்ததும் அடுத்த ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் அபேட் மருந்து. கேட்டைத் தட்டி, "கொசுப்புழு பாக்க வந்திருக்கோம்மா" என்பார்கள். சிமெண்ட் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற ட்ரே. அப்படி ஒரு ட்ரே இருப்பதே பல வீட்டாருக்கு அவர்கள் சொல்லித்தான் தெரியும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரா வாரம் வந்தாக வேண்டும். வாரா வாரம் வருகிறவர்களை ஜனங்கள் விரும்புவதில்லை. 'போன வாரம்தானே பாத்தீங்க' என்று கேட்டைத் திறக்காமலே அனுப்புகிற வீடுகள் உண்டு. இந்தப் பெண்கள் சண்டை போடுவதில்லை. அடுத்த வாரம் அதே கேட்டைத் தட்டுகிறார்கள். கேட்டைத் திறக்காத வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தட்டல்.

அக்டோபர் கடைசி என்றால் வரி. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் சொத்துவரி கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி. ஊக்கத்தொகை என்று பெயர். ஆன்லைனில் கட்டலாம், கவுண்டரிலும் கட்டலாம். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் நான் கவுண்டர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கூறைநாட்டிலிருந்து வந்த ஒரு பாட்டி. பழைய ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்தார். பணத்தை முந்தானையில் முடிந்திருந்தார். முடிச்சை அவிழ்த்து எண்ணினார். முப்பத்திரண்டு ரூபாய் குறைந்தது.

"கழிச்சுத்தானப்பா கொண்டாந்தேன். அஞ்சு பர்சண்ட்டு கழிவு உண்டுன்னு பேரன் சொன்னானே."

"முப்பத்தொண்ணாந் தேதி வரைக்குந்தான் பாட்டி அது. கம்ப்யூட்டர்ல இப்ப வராது."

"முப்பத்தொண்ணாந் தேதி நான் எழுந்திரிக்கவே இல்லப்பா. முட்டி வீங்கிப் போச்சு."

கவுண்டரில் இருந்த தம்பிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. விதி அவர் கையில் இல்லை. எழுந்து போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பாட்டியை உட்கார வைத்தார். பக்கத்து மேஜையில் பிறப்புச் சான்றிதழுக்காக நின்றிருந்த ஒரு பெண் பையிலிருந்து இரண்டு பத்து ரூபாயை எடுத்தார். மிச்சத்தை வரிசையில் யாரோ கொடுத்தார்கள். பாட்டி வாங்க மறுத்தார். "கடனாத் தாங்க. எந்தத் தெரு நீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் தெருப் பெயர் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் காசைத் தொட்டார். ரசீது வந்ததும் அதை இரண்டு முறை தடவிப் பார்த்து, மஞ்சள் பையில் பழையதோடு சேர்த்துச் சுருட்டினார்.

நான் அந்த முப்பத்திரண்டு ரூபாயை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் வருகிறவருக்குச் சலுகை தருவது நியாயம்தான். வரி வந்தால்தான் குளோரின் வாங்க முடியும். ஆனால் சீக்கிரம் வர முடிகிறவர்கள் யார்? கையில் போன் உள்ளவர், வண்டி உள்ளவர், முட்டி வீங்காதவர். சலுகை எப்போதும் அவர்களுக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

வார்டு கூட்டங்களிலும் இதைப் பார்க்கிறேன். கிராமங்களில் கிராம சபை பழைய விஷயம். நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல்தான் விதி வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று, உள்ளாட்சிகள் தினத்தில், பகுதி சபைகள் கூடின. நல்ல ஏற்பாடு. மனசார வரவேற்கிறேன். ஊர்ப் பெயர்கள் வேண்டாம், நான் போய் உட்கார்ந்த இரண்டு மூன்று கூட்டங்கள் பகல் பதினோரு மணிக்கு நடந்தன. பதினோரு மணிக்கு யார் வருவார்? ஓய்வு பெற்றவர்கள் வந்திருந்தார்கள், கட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள், என்னைப் போல எழுதுகிறவர்களும் ஒன்றிரண்டு பேர். கொத்து வேலைக்குப் போனவர் வரவில்லை. ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் வரவில்லை. குழாயில் தண்ணீர் வராத கஷ்டம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வந்தவர்கள் பேசியது பெரும்பாலும் தெருநாயும் வேகத்தடையும். அவையும் வேண்டியவைதான். ஆனால் அந்தப் பதிவேட்டைப் பத்து வருஷம் கழித்து எடுத்துப் படிக்கிறவர், இந்த வார்டில் தண்ணீர்ப் பிரச்சினையே இருந்ததில்லை என்று நினைத்துவிடுவார். சாயங்காலம் ஏழு மணிக்கு, கோயில் வாசலிலோ பள்ளிக்கூடத்துத் திண்ணையிலோ, கூட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எட்டரைக்குக் கடை அடைத்துவிட்டு வருகிறவருக்காக ஒரு பொருளைக் கடைசியில் நிறுத்தி வைக்க வேண்டும்.

அப்படி நிறுத்தி வைக்கிற புத்தி எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஐப்பசி கடைசி நாள் கடைமுகம். மாயூரநாதரும் வள்ளலார் கோயில் வதான்யேசுவரரும் துலாக்கட்டத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொடுப்பார்கள். அன்று ஊரே ஆற்றில் நிற்கும். அதோடு மாதம் முடிந்தது. ஆனால் ஸ்நானம் முடிவதில்லை. மறுநாள், கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு. கால் ஊனமான ஒரு மனிதன் துலா ஸ்நானத்துக்காக எங்கிருந்தோ புறப்பட்டு, தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்ந்தபோது ஐப்பசி கடந்துவிட்டது. அவன் அழுதான். அவனுக்காக இறைவன் இன்னொரு நாளைக் கொடுத்தார், மாதம் முழுக்க முழுகினவனுக்கு உள்ள பலன் அந்த ஒரு நாளில் உனக்கு உண்டு என்றார். இதுதான் கதை. பெயர் இன்றைக்குக் காதில் உறுத்துகிற பெயர்தான். கதையோ எந்தச் சட்டப் புத்தகத்துக்கும் குறைந்ததில்லை. கதையில் யாரும் அவனைப் பார்த்து ஏன் முன்னாலேயே கிளம்பவில்லை என்று கேட்கவில்லை. ஒரு நாள் கூடியது. அந்த நாள் அவனோடு முடிந்துவிடவும் இல்லை, வருஷா வருஷம் எல்லாருக்குமாக வருகிறது.

2025 ஏப்ரலில் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்கார வழி செய்கிற திருத்தம். செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது துலாக்கட்டம்தான். அடுத்து நினைவு வந்தது மாடிப்படி. பல ஊர்களில் மன்றக் கூடம் மாடியில் இருக்கிறது. நாற்காலி ஒதுக்கியாகிவிட்டது, அந்த நாற்காலி வரைக்கும் போகச் சரிவுப்பாதையும் லிஃப்டும் வேண்டும். காது கேளாத ஓர் உறுப்பினருக்குச் சைகை மொழி தெரிந்தவர் வேண்டும். பார்வை இல்லாதவருக்கு அந்த அஜெண்டா கேட்கிற வடிவத்தில் முன்கூட்டியே வேண்டும். வேதநாயகம் பிள்ளை தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்த மாதிரி, இதற்கும் உட்கார்ந்து வேலை பார்க்க ஆள் வேண்டும். ஒன்பதாவது இடத்தில் காத்திருந்த வரி இப்போதுதான் மன்றத்துக்குள் கால் வைக்கிறது.

கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் நானும் துலாக்கட்டத்துக்குப் போனேன். கடைமுகக் கூட்டம் வடிந்து படித்துறை பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் முழுகினவர்கள் விட்டுப்போன பழந்துணி படியெல்லாம் கிடந்தது. தூய்மைப் பணியாளர்கள் மூன்று பேர் அதைக் கொக்கியால் இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்ற வயர்மேன் ட்யூப் லைட் ஒன்றைக் கழற்றப் போனார்.

"அண்ணே, அதெல்லாம் நாளைக்கு. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்" என்று கீழேயிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். வயர்மேன் இறங்கி, ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

ஏழு மணி வாக்கில் மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்று படித்துறை முனையில் வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கூட ஒரு சிறுமி. ஊன்றுகோலை ஊன்றி முதல் இரண்டு படி இறங்கினார். மூன்றாவது படி நனைந்திருந்தது. நின்றுவிட்டார். சிறுமி ஆற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

துணி இழுத்துக்கொண்டிருந்த அக்கா கொக்கியைக் கீழே போட்டார். சுற்றும் முற்றும் பார்த்து, தங்கள் வண்டியிலிருந்த வாளியை எடுத்தார். அதை ஆற்றில் இரண்டு முறை நன்றாக அலசினார். மூன்றாவது முறை நிரப்பிக்கொண்டு படியேறினார். "உக்காருங்கண்ணே, நான் ஊத்துறேன்" என்றார். அவர் உட்கார்ந்தார். ஊன்றுகோலைச் சிறுமி வாங்கிக்கொண்டாள். முதல் வாளி தலையில் விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினார். இரண்டாவது வாளிக்கு அக்கா மறுபடி இறங்கினார். தண்ணீர் உட்கார்ந்திருந்தவர் தோளிலிருந்து படிக்கு வழிந்து, படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கி, குவித்து வைத்திருந்த துணிகளைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பிப் போனது.